புல்லட்டுக்குக் கேம் மாற்றும் முன்: ராக்கர் விகிதமும் கேம்ஷாஃப்ட் தேர்வும், முழுமையான வழிகாட்டி

நெல்லையில் வண்ணார்பேட்டையிலும் பாளையங்கோட்டையிலும் புல்லட் வேலை பார்க்கிற பட்டறைகளில் ஓயாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அண்ணாச்சி, கேம் மாற்றினால் எவ்வளவு பவர் கூடும்?" கேட்பவர் ஓர் எண்ணை எதிர்பார்க்கிறார். அப்படி ஓர் எண் கிடையாது. கேம்ஷாஃப்ட், அதாவது தன் மேடுகளால் வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு, பவரை உண்டாக்குவதில்லை. எந்த வேகத்தில் என்ஜின் நன்றாக மூச்சு விட வேண்டும் என்பதைத்தான் அது முடிவு செய்கிறது. மேலே 500 ஆர்.பி.எம். (என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) நன்றாக இழுக்க வேண்டுமென்றால் கீழே எங்கோ இழுவையை விட்டுக்கொடுக்க வேண்டும். ஆகவே முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி, நீங்கள் எந்த ஆர்.பி.எம்.மில் வண்டி ஓட்டுகிறீர்கள் என்பது.

இங்கே சொல்வது புஷ் ராட் (கேமின் அசைவை மேலே ஹெட்டில் உள்ள ராக்கருக்குக் கொண்டுபோகும் கம்பி; ராக்கர் வால்வை அழுத்தித் திறக்கும்) உள்ள என்ஜின்களுக்கு: வார்ப்பிரும்பு பேரல் (சிலிண்டர்) கொண்ட பழைய புல்லட், அதற்குப் பின் வந்த, என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் உள்ள யூ.சி.இ. என்ஜின். 350 புல்லட்டின் 70 மி.மீ. போரும் (சிலிண்டர் விட்டம்) 90 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 346 சி.சி.யும் இந்த இரண்டுக்கும் பொது. 2020 முதல் மீட்டியரிலும் கிளாசிக்கிலும் வந்த 349 சி.சி. என்ஜினில் கேம் தலைக்கே ஏறிவிட்டது, புஷ் ராட் கிடையாது. கணக்கு அதற்கும் பொருந்தும், அளக்கும் முறை பொருந்தாது.

முதல் படி: சாலையைக் கணக்கில் எடுங்கள்

ஒரு தாளில் உங்கள் வண்டி ஒரு மாதம் ஓடுகிற இடங்களை எழுதுங்கள். நெல்லை சந்திப்பிலிருந்து டவுன் வரை பஸ்களுக்குப் பின்னால் ஊர்வது ஒரு வகை. தைப்பூச நேரத்தில் பாதயாத்திரைக் கூட்டத்துக்கு இடையில் திருச்செந்தூர் சாலையில் போவது அதைவிட மெதுவான வகை. செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவில் சரக்கு லாரிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஏறுவது வேறு. இவை எல்லாமே குறைந்த ஆர்.பி.எம். வேலைகள். நாங்குநேரி, வள்ளியூர் வழியாகக் காவல்கிணறு வரை நான்குவழிச் சாலையில் சீராகப் போவது நடுத்தரம்.

தென்மேற்குப் பருவக்காற்றையும் மறக்கக் கூடாது. ஆடியில் நெல்லையிலிருந்து தென்காசிக்குப் போகிறவர் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டே போகிறார். அப்போது நாலாம் கியரில் திராட்டில் திருகினால் வண்டி மறுமொழி சொல்ல வேண்டும். கியரைக் குறைத்தால்தான் போவேன் என்று அடம் பிடிக்கக் கூடாது. யூ.சி.இ. 350 தன் உச்ச இழுவையான 28 நியூட்டன் மீட்டரை 4000 ஆர்.பி.எம்.மில் தருகிறது, உச்ச பவரை 5250இல். தாளில் எழுதிய பயணங்களில் எத்தனை 4500ஐத் தாண்டுகின்றன என்று பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுகூட இருக்காது. அவர்களுக்குச் சந்தையில் விற்கும் 'ரேஸ் கேம்' எதுவும் வேண்டாம் என்பதே என் கருத்து. கம்பெனி கேமையே சரியாக டைமிங் வைத்து, ராக்கரின் சாய்வைச் சரிசெய்தால் போதும். இதைப் படித்த பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்பவர்கள் தொடரலாம்.

இரண்டாம் படி: கேம் அட்டையைப் படிக்கப் பழகுங்கள்

கேம் செய்து தருபவர் நான்கு எண்களைத் தர வேண்டும்: இன்லெட் (கலவை உள்ளே வரும் வால்வு) திறப்பது, இன்லெட் மூடுவது, எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் வால்வு) திறப்பது, எக்ஸாஸ்ட் மூடுவது. எல்லாம் கிராங்க் டிகிரியில். எந்த லிஃப்ட்டில் (எழும் உயரத்தில்) அளந்தார் என்பதும் வேண்டும். வால்வு அசையத் தொடங்கும் இடத்தில் அளந்தால் ஓர் எண் வரும், டேப்பட் (கேமின் மேல் அமர்ந்து புஷ் ராடைத் தூக்கும் துண்டு) 1.27 மி.மீ. எழுந்தபின் அளந்தால் அதைவிடக் குறைவாக வரும். இரண்டையும் கலந்து ஒப்பிட்டால் சின்ன கேம் பெரிதாகத் தெரியும். எண்களே தராமல் 'ஸ்டேஜ் 2' என்று மட்டும் சொல்கிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

ஓர் உதாரணம். இன்லெட் டி.டி.சி.க்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் புள்ளி) 20 டிகிரி முன் திறந்து, பி.டி.சி.க்கு (பிஸ்டன் அடியில் நிற்கும் புள்ளி) 60 டிகிரி பின் மூடுகிறது. திறந்திருக்கும் காலம் (டியூரேஷன்) 20 + 180 + 60 = 260 டிகிரி. எக்ஸாஸ்ட் பி.டி.சி.க்கு 60 முன் திறந்து, டி.டி.சி.க்கு 20 பின் மூடினால் அதுவும் 260. இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் ஓவர்லாப் 20 + 20 = 40 டிகிரி. இந்த ஓவர்லாப் பெரிதானால் ஐடிலிங் தடுமாறும், 'டுக்... டுக்-டுக்' என்ற அந்த ஒழுங்கற்ற துடிப்பு அதிலிருந்து வருவதுதான். கேட்க நன்றாக இருக்கும். சிலிண்டருக்குள் எரிந்த புகை திரும்ப வருகிறது, பெட்ரோல் கொஞ்சம் எரியாமல் வெளியே போகிறது என்பதற்கான சத்தமும் அதுதான்.

மூன்றாம் படி: இன்லெட் மூடும் நேரம்

நான்கு எண்களில் ஒன்றை மட்டும்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள். பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே வரத் தொடங்கிய பின்னும் இன்லெட் வால்வு திறந்திருக்கிறது. வேகமாக ஓடும் என்ஜினில் காற்றுக்கு ஓர் உந்துதல் இருப்பதால், பிஸ்டன் ஏறினாலும் காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும். மெதுவாக ஓடும்போது அந்த உந்துதல் இல்லை; பிஸ்டன் உள்ளே வந்த கலவையைக் கார்புரேட்டர் பக்கமே திருப்பித் தள்ளிவிடும். பெரிய கேம் போட்ட வண்டி புளியரை ஏற்றத்தில் உயிரில்லாமல் போவதற்கு இதுவே காரணம்.

கணக்காகப் பார்ப்போம். ஸ்ட்ரோக் 90 மி.மீ., கணக்குக்காகக் கனெக்டிங் ராட் 170 மி.மீ., கம்ப்ரஷன் விகிதம் 7.25 என்று வைத்துக்கொள்வோம். 346 சி.சி.யை 6.25ஆல் வகுத்தால் எரிஅறையின் கொள்ளளவு சுமார் 55 சி.சி. இன்லெட் 60 டிகிரியில் மூடினால், மூடும் கணத்தில் பிஸ்டனுக்கு மேலே போக இன்னும் 72 மி.மீ. இருக்கிறது. அதாவது 90இல் 80 சதவீதம்தான் உண்மையில் அமுக்கப்படுகிறது. நிஜக் கம்ப்ரஷன் ஏறக்குறைய 6.0.

அதே என்ஜினில் 70 டிகிரியில் மூடும் கேமைப் போட்டால் மீதி இருப்பது 66 மி.மீ.தான். நிஜக் கம்ப்ரஷன் 5.6க்கு இறங்கிவிடும். பத்து டிகிரிக்கு இந்த விலை. இதை ஈடுகட்ட எரிஅறையை 50 சி.சி. அளவுக்குச் சுருக்க வேண்டும். கம்ப்ரஷன் விகிதம் 7.8 அல்லது 7.9 ஆகும். பிஸ்டனை மாற்றியோ, ஹெட்டைக் கொஞ்சம் கடைந்தோ இதைச் செய்யலாம். செய்யாமல் கேமை மட்டும் மாற்றிவிட்டு, "வண்டி முன்பைவிட மந்தமாகிவிட்டது" என்று மெக்கானிக்கைக் குறை சொல்கிறவர்கள் ஏராளம்.

ஹெட்டைக் கடையும்போது ஓர் எல்லை உண்டு. பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலின் ஆக்டேன் அதை முடிவு செய்கிறது. காற்றால் குளிரும் என்ஜின், சித்திரை வெயில், நான்குவழிச் சாலை, பின்சீட்டில் ஆள். இந்த நான்கும் சேரும்போது நாக்கிங் (கலவை தாறுமாறாக எரிந்து வரும் தட்டல்) வராத அளவுக்கே கம்ப்ரஷனை ஏற்றலாம்.

நான்காம் படி: ராக்கர் விகிதம் எதை மாற்றும், எதை மாற்றாது

ராக்கர் ஆர்ம் நடுவில் தாங்கிய ஏற்றக்கோல் போன்றது. தாங்குபுள்ளியிலிருந்து வால்வு முனை வரையுள்ள தூரத்தை, தாங்குபுள்ளியிலிருந்து புஷ் ராட் அமரும் குழி வரையுள்ள தூரத்தால் வகுத்தால் வருவது விகிதம். கேமின் மேடு 6 மி.மீ. தூக்கினால், 1.5 விகித ராக்கர் வால்வை 9 மி.மீ. திறக்கும், 1.6 விகிதம் 9.6 மி.மீ. திறக்கும். டேப்பட் இடைவெளி இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வி8 என்ஜின்களில் 1.5ஐ எடுத்துவிட்டு 1.6 போடுவது நெடுங்காலப் பழக்கம். கேமைத் தொடாமலே ஏழு சதவீதம் லிஃப்ட் கூடுகிறது.

டியூரேஷன் கூடுகிறதா? வால்வு திறக்கத் தொடங்கும் இடமும் மூடும் இடமும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும், ஏனென்றால் அவற்றைக் கேமின் வடிவம் தீர்மானிக்கிறது. ஆனால் நடுவில் வித்தியாசம் உண்டு. வால்வு 5 மி.மீ. திறக்க 1.5 ராக்கருக்குக் கேம் 3.33 மி.மீ. எழ வேண்டும், 1.6 ராக்கருக்கு 3.13 போதும். ஆகவே வால்வு கொஞ்சம் முன்னதாகவே அந்த உயரத்தை அடைந்து, கொஞ்சம் தாமதமாக அதைவிட்டு இறங்குகிறது. இன்லெட் மூடும் நேரம் மாறாததால் குறைந்த ஆர்.பி.எம். இழுவை அதிகம் பாதிக்கப்படாது. இதனால்தான் நம் சாலைகளுக்குப் பெரிய கேமைவிட இது பொருத்தமான வழி என்று நினைக்கிறேன்.

எவ்வளவு லிஃப்ட் வரை பயன் என்பதற்கு எளிய அளவுகோல் உண்டு. வால்வு விட்டத்தில் கால் பங்கு லிஃப்ட் வந்ததும், வால்வைச் சுற்றியுள்ள இடைவெளியின் பரப்பு வால்வுத் துளையின் பரப்புக்குச் சமமாகிவிடும். 40 மி.மீ. வால்வுக்கு அது 10 மி.மீ. அதற்கு மேல் தூக்கினால் காற்றைத் தடுப்பது வால்வு அல்ல, போர்ட் (ஹெட்டுக்குள் உள்ள காற்றுப் பாதை). போர்ட்டை அப்படியே விட்டுவிட்டு லிஃப்ட்டை மட்டும் ஏற்றிக்கொண்டே போவதில் தேய்மானம்தான் மிச்சம்.

தேய்மானத்துக்கும் கணக்கு உண்டு. வால்வு முழுதாகத் திறந்திருக்கையில் ஸ்பிரிங் 60 கிலோ அழுத்தம் தருகிறது என்றால், 1.5 ராக்கரில் கேமின் மேல் விழுவது 90 கிலோ. 1.6க்கு மாற்றினால் 96. லிஃப்ட் கூடியதால் ஸ்பிரிங் மேலும் அமுங்குவதையும் சேர்த்தால் அதற்கும் மேல். கூடுதல் பாரம் டேப்பட்டின் காலிலும் கேமின் மூக்கிலும் ராக்கர் புஷ்ஷிலும் விழுகிறது. வால்வு ஓடும் வேகமும் அதே விகிதத்தில் கூடுவதால், பழைய ஸ்பிரிங் உயர் ஆர்.பி.எம்.மில் வால்வைக் கட்டுப்படுத்த முடியாமல் போகலாம்.

ஐந்தாம் படி: வாங்கும் முன் அளந்து பாருங்கள்

பெட்டியில் எழுதியிருக்கும் விகிதத்தை நம்ப வேண்டாம். வார்ப்பு ராக்கர்களில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருக்கும். தேவையானவை: காந்த அடித்தளம் உள்ள டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி), டிகிரி வீல் (கிராங்கில் பூட்டும், டிகிரி குறித்த தட்டு), ஒரு கம்பித் துண்டில் செய்த சுட்டி, ஸ்பார்க் பிளக் துளையில் திருகும் பிஸ்டன் ஸ்டாப். கடைசியாகச் சொன்னதைப் பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, நடுவில் முனை மழுக்கிய போல்ட் ஒன்றைப் பொருத்தி லேத் பட்டறையில் செய்துகொள்ளலாம்.

முதலில் உண்மையான டி.டி.சி.யைக் கண்டுபிடிக்க வேண்டும். உச்சியில் பிஸ்டன் சில டிகிரிகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும், அதனால் கண்ணால் பார்த்துக் குறிப்பது பயனில்லை. பிஸ்டனைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டு ஸ்டாப்பைத் திருகுங்கள். கிராங்கை மெதுவாக ஒரு பக்கம் சுற்றுங்கள். பிஸ்டன் ஸ்டாப்பில் தொட்டதும் டிகிரி வீலில் எண்ணைக் குறியுங்கள். மறுபக்கம் சுற்றித் தொடவிட்டு அந்த எண்ணையும் குறியுங்கள். இரண்டுக்கும் சரியான நடுப்புள்ளி டி.டி.சி. சுட்டியை அங்கே பூஜ்யத்துக்கு வளைத்து வையுங்கள். கையாலோ ஸ்பேனராலோ மட்டும் சுற்றுங்கள். கிக்கரைத் தொட்டால் பிஸ்டன் தலையில் குழி விழும்.

அடுத்து லிஃப்ட். ராக்கரைக் கழற்றிவிட்டு, புஷ் ராடின் மேல் முனையில் டயல் கேஜின் ஊசியை நேர்கோட்டில் வையுங்கள். சாய்வாக வைத்தால் அளவு தப்பும். கேமின் அடிவட்டத்தில் (மேடு இல்லாத வட்டப் பகுதியில்) கேஜைப் பூஜ்யமாக்கி, கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள், ஏனென்றால் கேம் பாதி வேகத்தில்தான் சுழல்கிறது. உச்ச அளவை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ராக்கரைப் பூட்டி, இடைவெளியைப் பூஜ்யமாக்கி, கேஜை வால்வு ஸ்பிரிங் தட்டின் மேல் வைத்து அதையே செய்யுங்கள். புஷ் ராடில் 7.00 மி.மீ., தட்டில் 8.05 மி.மீ. வந்தால் விகிதம் 1.15. முடிந்தால் இந்த அளவுக்காக மட்டும் வால்வில் மெல்லிய ஸ்பிரிங் ஒன்றைப் போடுங்கள். அசல் ஸ்பிரிங்கின் பலத்தில் புஷ் ராடும் ராக்கரும் இம்மியளவு வளைந்து கணக்கைக் குறைத்துக் காட்டும்.

யூ.சி.இ. வைத்திருப்பவர்களுக்கு ஒரு தொல்லை: அதில் ஹைட்ராலிக் டேப்பட். எண்ணெய் வடிந்த டேப்பட் அளக்கும்போது அமுங்கி, உண்மையான லிஃப்ட்டைக் காட்டாது. அளப்பதற்காக மட்டும் உள்ளே திடமான துண்டு வைத்து அமுங்காமல் செய்துகொள்ள வேண்டும்.

இன்னொரு சோதனைக்கு மார்க்கர் பேனா போதும். வால்வு தண்டின் உச்சியில் மை தடவி, ராக்கரைப் பூட்டி நான்கைந்து முறை சுற்றிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். மை அழிந்த தடம் குறுகலாக, நடுவில் இருக்க வேண்டும். தடம் ஓரத்துக்குப் போயிருந்தால் ராக்கர் வால்வைக் கீழே தள்ளுவதோடு பக்கவாட்டிலும் தள்ளுகிறது. வால்வு கைடு முட்டைவடிவமாகத் தேயும், புகை வரும். பாதி லிஃப்ட்டில் ராக்கர் வால்வுத் தண்டுக்குச் செங்குத்தாக நிற்பதுதான் இலக்கு. ஹெட்டைக் கடைந்தாலோ, அடிவட்டம் குறைத்துக் கடைந்த கேமைப் போட்டாலோ இந்தச் சாய்வு மாறும், புஷ் ராடின் நீளத்தையும் மாற்ற நேரும். பழைய கேமை வெல்டிங் வைத்து மேடு உயர்த்துவதைவிட அடிவட்டத்தைக் கடைவது மலிவு என்பதால் பலரும் அதைச் செய்கிறார்கள். அட்ஜஸ்டரில் எஞ்சியிருக்கும் மரையைப் பார்க்காமல் யாரும் அதில் இறங்க வேண்டாம்.

ஆறாம் படி: வால்வு பிஸ்டனில் மோதுகிறதா என்று பாருங்கள்

இதில் சோம்பல்பட்டால் வால்வு வளையும். பிஸ்டன் தலையில் வால்வுக் குழிகளின் மேல் சிறிது மாடலிங் களிமண்ணை அப்பி, எண்ணெய் தொட்டு, ஹெட்டைப் பழைய கேஸ்கெட்டோடு இறுக்கி, புது கேமோடும் புது ராக்கரோடும் இரண்டு சுற்று கையால் சுற்றுங்கள். ஹெட்டைத் தூக்கிக் களிமண்ணைக் கத்தியால் குறுக்கே வெட்டி, மிக மெல்லிய இடத்தை அளவிடுங்கள். இன்லெட் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. குறைந்தபட்சம். சூட்டில் நீளும் எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கூடுதல் இடம் வேண்டும். மிக நெருங்கும் இடம் டி.டி.சி. அல்ல, எக்ஸாஸ்ட்டுக்கு அதற்குச் சுமார் பத்து டிகிரி முன், இன்லெட்டுக்குப் பத்து டிகிரி பின்.

முழு லிஃப்ட்டில் ஸ்பிரிங்கின் வளையங்களுக்கு இடையே மொத்தமாக 1.5 மி.மீ. இடம் மிச்சமிருக்க வேண்டும். ஸ்பிரிங் தட்டின் அடிப்பக்கம் வால்வு கைடைத் தொடாமல் அதே அளவு விலகியிருக்க வேண்டும். கூடிய விகிதமுள்ள ராக்கர்களில் புஷ் ராட் குழி தாங்குபுள்ளியை நோக்கி நகர்த்தப்பட்டிருக்கும். புஷ் ராட் சாய்ந்து துளையின் ஓரத்தில் உரசுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஏழாம் படி: பூட்டுவதும் ஓடவிடுவதும்

கேம் கியர்களில் உள்ள குறிகளைச் சேர்த்துப் பூட்டியபின், டிகிரி வீலில் அட்டையோடு ஒப்பிடுங்கள். ஓரிரு டிகிரி வித்தியாசம் பொறுத்துக்கொள்ளக்கூடியது. ஒரு பல் தள்ளிப் போட்டுச் சரிசெய்யலாம் என்ற யோசனை வேண்டாம்: 40 பல் உள்ள கேம் கியரில் ஒரு பல் என்பது கேமில் 9 டிகிரி, கிராங்கில் 18 டிகிரி. கேமை நான்கு டிகிரி முன்தள்ளினால் இன்லெட் சீக்கிரம் மூடிக் கீழ் இழுவை கூடும், பின்தள்ளினால் மேல்வேகம் கூடும். ஆனால் அதைச் சாவிப் பள்ளத்தை (கீவே) இடம் மாற்றிய கியரைக் கொண்டுதான் செய்ய முடியும்.

பழைய புல்லட்டில் டேப்பட்டை என்ஜின் ஆறியிருக்கும்போது, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் டி.டி.சி.யில் வைத்துச் சரிசெய்கிறோம்: புஷ் ராட் விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. புது கேமின் அட்டையில் வேறு இடைவெளி சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

கேமின் மூக்கிலும் டேப்பட்டின் காலிலும் அசெம்பிளி பேஸ்ட்டைத் தாராளமாகத் தடவுங்கள். முதல் முறை ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் நிற்கவிடாமல் 2000க்கும் 2500க்கும் இடையில் ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஐடிலில் கேமின் மேல் தெறிக்கும் எண்ணெய் போதாது. கார்களுக்குச் சொல்லும் இருபது நிமிடத்தை நின்ற இடத்திலேயே செய்தால் நம் வெயிலில் பேரல் நீலம் பாயும். பெரிய மின்விசிறி ஒன்றை முன்னால் வையுங்கள், அல்லது ஐந்து நிமிடம் கழித்து விடியற்காலையில் காலிச் சாலையில் ஓட்டிக்கொண்டே செய்யுங்கள். பாளையங்கோட்டைக்காரர்களுக்குத் தூத்துக்குடி சாலை இதற்குத் தோதானது.

கார்புரேட்டரில் மெயின் ஜெட்டை (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) ஓரிரு அளவு கூட்டி, பிளக்கின் நிறம் பார்த்துக் குறைத்துக்கொண்டு வாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் கலவையை மெலிதாக்கும் என்பதால் வெளிறிய பிளக் இப்போது முன்பைவிட ஆபத்தானது. சைலன்சரை உடைத்துச் சத்தம் கூட்டுவது இந்த வேலையோடு சேர்ந்ததல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு வண்டியின் அசல் அமைப்பை மாற்றுவதையே கட்டுப்படுத்துகிறது, சத்தம் கேட்டால் போலீஸ் முதலில் பார்ப்பது அதைத்தான். வாரண்டி உள்ள வண்டியில் கேமைத் தொடவே வேண்டாம்.

முதல் 500 கி.மீ. முடிந்ததும் எண்ணெயை மாற்றி, வடித்ததைச் சுத்தமான தட்டில் ஊற்றிக் காந்தம் விட்டுப் பாருங்கள். மாவு போன்ற சாம்பல் நிறப் படிவு இயல்பு. விரலில் நெருடும் துகள் இருந்தால் டைமிங் மூடியைத் திறந்து டேப்பட்டின் காலைப் பாருங்கள். டேப்பட்டையும் மறுபடி சரிபாருங்கள்: இடைவெளி கூடியிருந்தால் கேமோ டேப்பட்டோ தேய்கிறது, குறைந்திருந்தால் வால்வு தன் இருக்கைக்குள் இறங்குகிறது.